ஏறாமல் இறங்காமல்

திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த போர்ஷனில் ஒரு கூடம், ஒரு சமையலறை, சாமான்கள் அடைத்த சின்ன அறை ஒன்று. காற்று வருவது கூடத்துக்கு மட்டும்தான். அதனால் அம்மா தூங்குவதும் கூடத்தில், நான் வேலை செய்வதும் கூடத்தில். 2005-இல் அச்சக வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே டிடிபி செய்யத் தொடங்கினேன். தட்டச்சு, மெய்ப்புத் திருத்தம், பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுவது, கடைசியில் பிடிஎஃப் ஆக்கி அச்சுக்குக் கொடுப்பது வரை என் பொறுப்பு. தமிழ்ப் பதிப்புலகில் வேலையெல்லாம் ஒரே பருவத்தில் வந்து குவியும். பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் வந்தாக வேண்டும். நவம்பர், டிசம்பர் இரவுகளில் விடிய விடிய உட்கார்ந்திருப்பேன்.

அம்மா அப்போது அரசு மருத்துவமனையில் செவிலியர். ஒரு வாரம் பகல் டியூட்டி, அடுத்த வாரம் இரவு டியூட்டி. அவள் எப்போது தூங்குவாள் என்பதை டியூட்டி சார்ட்தான் முடிவு செய்யும். என் மேஜைக்கு நாலடி தள்ளிப் பாய் விரித்துப் படுப்பாள். அங்கே கம்ப்யூட்டர் போடும் சத்தம் நேராக அவள் தூக்கத்தின் மேல்தான் விழும். கேபினெட் எனும் கம்ப்யூட்டர் பெட்டியின் ஃபேன்களின் வேகத்தைப் பற்றி நான் இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்ட எல்லாவற்றுக்கும் காரணம் அந்த நாலடி தூரம்.

முதல் கம்ப்யூட்டரை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தோம். ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பின்னிக் கிடக்கும் அந்தச் சந்தையில், ஒரு மாடிப்படி ஏறினால் சர்வீஸ் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். ரேடியோ, டேப் ரிக்கார்டர் காலத்திலிருந்து சால்டரிங் அயர்ன் பிடித்த கை. எனக்கு இந்த விஷயத்தில் ஆசான் அவர்தான்.

பெட்டிக்குள் போட்டது பென்டியம் 4 சில்லு. அதிலும் பிரெஸ்காட் என்ற குறிப்பெயர் கொண்ட வகை, 2004-இல் இன்டெல் வெளியிட்டது. 90 நானோமீட்டர் அளவுக்குச் சுருக்கிச் செய்த சில்லு. சுருக்கச் சுருக்க மின்சாரச் செலவு குறையும் என்றுதான் அதுவரை எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். இதில் டிரான்சிஸ்டர்கள் வழியே வீணாகக் கசியும் மின்னோட்டம் கூடிப்போய், வெப்பமும் கூடிவிட்டது. அந்த வரிசையின் மேல்நிலைச் சில்லுகள் 100 வாட்டைத் தாண்டின. அவ்வளவு சூட்டையும் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியைச் சென்னையில் ஒரு சின்னக் கூடத்தில் வைத்தோம்.

கேபினெட்டின் பின்பக்கம் 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒன்று. சில்லின் தலைமேல் ஒன்று. பின்பக்க ஃபேன், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மோலக்ஸ் இணைப்பில் நேராக 12 வோல்ட்டில் செருகப்பட்டிருந்தது. ஸ்விட்ச் போட்ட நொடியிலிருந்து அணைக்கும்வரை முழு வேகம்தான். சின்ன ஃபேன் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஓடும்போது காற்றின் இரைச்சலோடு ரீங்காரம் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தாங்குசட்டத்தைக் கடந்து போகிற சத்தம் அது. பகலில் தெருச் சத்தத்தில் கரைந்துவிடும். இரவு 11 மணிக்கு மேல் கூடம் முழுக்க அதுதான் கேட்கும்.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். ஒரு பழைய ஃபேனை எடுத்து மேஜைமேல் வைத்து அதன் ஒயர்களைப் பிரித்துக் காட்டினார். "இங்க பாரும்மா. கறுப்பு கிரவுண்டு. சிவப்பு 12 வோல்ட்டு. இந்த மஞ்சள் இருக்கே, இது கரண்ட் எடுக்காது, கணக்கு சொல்லும்." ஃபேன் ஒரு முறை சுற்றினால் அந்த மஞ்சள் ஒயரில் இரண்டு துடிப்பு வரும். மதர்போர்டு அதை எண்ணித்தான் வேகம் சொல்கிறது. நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் நொடிக்கு 20 சுற்று, 40 துடிப்பு. மூன்று ஒயர் ஃபேனின் வேகத்தைக் குறைக்க எளிய வழி, அதற்குக் கிடைக்கும் வோல்ட்டேஜைக் குறைப்பது.

நாலு ஒயர் ஃபேன் அப்போதுதான் பரவலாக வரத் தொடங்கியிருந்தது. 2004-இல் எல்ஜிஏ 775 சாக்கெட்டோடு இன்டெல் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதில் 12 வோல்ட் எப்போதும் அப்படியே இருக்கும். நாலாவது ஒயர் வழியே மதர்போர்டு ஒரு கட்டளையை அனுப்பும்: நொடிக்கு ஏறத்தாழ 25,000 முறை 'போடு, அணை' என்று. போட்டிருக்கும் நேரத்தின் பங்கு கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். இதற்குப் பெயர் பிடபிள்யூஎம். 25,000 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் துடித்தால் அந்தத் துடிப்பு நம் காதில் விழாது. எங்கள் பெட்டியில் சில்லின் தலைமேல் இருந்த ஃபேனுக்கு மட்டும்தான் இந்த நாலாவது ஒயர் இருந்தது.

பின்பக்க ஃபேனுக்குப் பெரியவர் செய்தது அந்தக் காலத்தில் பலரும் செய்த வைத்தியம். மோலக்ஸ் இணைப்பில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவே இரண்டு கறுப்பும் கிரவுண்டு. ஃபேனின் ஒரு முனையை 12-இலும் மறு முனையைக் கிரவுண்டுக்குப் பதில் 5-இலும் மாட்டினால் ஃபேனுக்குக் கிடைப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 7 வோல்ட். "5 வோல்ட் லைன்ல ஹார்ட்டிஸ்க்கு, போர்டு எல்லாம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறதால இது ஒண்ணும் பண்ணாது. வெறும் ஃபேனை மட்டும் வச்சுப் பண்ணக் கூடாது" என்று எச்சரித்தும் அனுப்பினார். நேராக 5 வோல்ட் கொடுத்தால் இன்னும் அமைதியாக இருக்குமே என்று கேட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் 5 வோல்ட்டிலும் ஓடும். நின்றிருக்கும் ஃபேன் 5 வோல்ட்டில் கிளம்பாமலே போகலாம் என்றார். கிளம்பத் தேவையானது ஒரு அளவு, ஓடத் தேவையானது அதைவிடக் குறைந்த இன்னொரு அளவு. இந்த இரண்டு எண்களும் பிற்காலத்தில் எனக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்பட்டன.

அன்று இரவு கூடத்தில் ஏற்பட்ட மாற்றம் என்னை அசத்தியது. வேகம் கொஞ்சம் குறைந்ததற்கு அமைதி இவ்வளவு கூடுமா என்று தோன்றியது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், ஃபேன்களுக்கென்று விதிகள் இருக்கின்றன. வேகத்தைப் பாதியாக்கினால் தள்ளும் காற்று பாதியாகும். காற்றின் அழுத்தம் நாலில் ஒரு பங்காகும். செலவாகும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும். சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகக் குறைந்ததுபோல் கேட்கும். அதாவது காற்றில் பாதியை விட்டுக்கொடுத்தால் சத்தத்தில் பாதிக்கும் மேல் திரும்பக் கிடைக்கிறது. இவ்வளவு லாபமான வியாபாரம் கம்ப்யூட்டர் சாமான்களில் வேறு எதிலும் எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர், ஜனவரி அப்படியே நன்றாகப் போயிற்று. ஏப்ரல் பிறந்ததும் கணக்கு மாறியது. கேபினெட் ஃபேனால் எதையும் அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையில் இருக்கும் காற்றைத்தான் அது உள்ளே இழுக்கிறது. நூறு வாட் வெப்பத்தை வெளியேற்ற, உள்ளே வந்த காற்று வெளியே போகும்போது 10 டிகிரி சூடேறலாம் என்று விட்டால், நொடிக்கு எட்டு லிட்டருக்குச் சற்று மேல் காற்று ஓடினால் போதும். டிசம்பரில் கூடம் 25 டிகிரி என்றால் பெட்டிக்குள் 35. கத்திரி வெயிலில் கூடமே 38 என்றால் பெட்டிக்குள் 48. 2003 மே கடைசியில் 45 டிகிரி பதிவான ஊர் இது. அந்த 48 டிகிரிக் காற்றைத்தான் சில்லின் தலைமேல் உள்ள ஃபேன் எடுத்துச் சில்லைக் குளிர்விக்க வேண்டும். அதனால் மே மாதத்தில் பின்பக்க ஃபேன் 7 வோல்ட்டில் மெல்ல ஓடிக்கொண்டிருக்க, சில்லின் ஃபேன் வீறிட்டுக் கிளம்பியது. அதற்கும் அடங்காத வெப்பம் வந்தால் பென்டியம் 4 தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு 300 பக்கப் புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்கக் கொடுத்தால், இரவில் ஆவதைவிட அதிக நேரம் எடுத்ததன் காரணம் அதுதான்.

இந்தக் கோடையில்தான் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள். இரவு டியூட்டி முடித்துக் காலையில் வந்து படுத்தவள், பதினோரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள். "சத்தம் போடட்டும்டி, பரவாயில்ல. அது ஏறி ஏறி எறங்குது பாரு, அதுதான் எழுப்பிடுது."

தலைக்கு மேல் சீலிங் ஃபேன் அவள் படுக்கும்போதெல்லாம் கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. கம்ப்யூட்டரைவிட அதன் சத்தம் அதிகம். அது ஒருநாளும் அவளை எழுப்பியதில்லை. நான் கேட்டதற்கு அவள் சொன்ன காரணம் அவளுடைய தொழிலிலிருந்து வந்தது. வார்டில் இரவெல்லாம் சத்தம் இருக்கும். யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள், ஆக்சிஜன் இரைந்துகொண்டே இருக்கும். அதெல்லாம் காதில் ஏறாது. இருந்த சத்தம் மாறினால் மட்டும் உடம்பு தானாக எழுந்துவிடும். ஏனென்றால் மாறினால் யாருக்கோ ஏதோ ஆகிறது என்று அர்த்தம். முப்பது வருடப் பழக்கம், வீட்டுக்கு வந்தாலும் போகாது.

அன்றுவரை நான் தேடியது குறைந்த சத்தத்தை. அன்றிலிருந்து தேடியது மாறாத சத்தத்தை. ஃபேன் கட்டுப்பாடு என்ற முழு விஷயமும் எனக்கு அந்த ஒரு பேச்சில்தான் திறந்தது. சூடு ஏறினால் வேகம் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் சூட்டின் ஒவ்வொரு துள்ளலுக்கும் ஃபேன் துள்ள வேண்டிய அவசியம் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்றும், அலுமினியப் பட்டைகளும், தகரமும் சூடாக நிமிடக்கணக்கில் ஆகும். சில்லோ நொடியில் சூடாகி நொடியில் ஆறும். கேபினெட் ஃபேன் கவனிக்க வேண்டியது நிமிடத்தில் மாறும் சூட்டை. நொடியில் மாறும் சூட்டுக்கு அது ஓடத் தேவையில்லை.

பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் முன்பக்கம் பார்த்தார். அந்தக் கேபினெட்டின் முகத்தில் காற்று நுழைய வழியே சரியாக இல்லை. பிளாஸ்டிக் முகப்புக்குப் பின்னால் தகரத்தில் சில பொட்டு ஓட்டைகள் மட்டும். தகரத்தை வட்டமாக வெட்டி, முகப்பில் வலை போட்டு, முன்பக்கமும் ஒரு ஃபேனை 7 வோல்ட்டில் மாட்டிக் கொடுத்தார். இரண்டு ஃபேனும் மெதுவாகத்தான் ஓடின. ஆனால் முன்னால் நுழைந்த காற்று பின்னால் வெளியேறும் பாதை கிடைத்துவிட்டது. பெட்டிக்குள் சூடு தேங்காததால் சில்லின் ஃபேன் வீறிடுவது வெகுவாகக் குறைந்தது. கேபினெட் ஃபேன் சீராக இருந்தால்தான் சில்லின் ஃபேன் அடங்கும் என்பதை அப்படித்தான் கண்டேன்.

அப்போது இன்னொரு புதுச் சத்தம் முளைத்தது. இரண்டு ஃபேனும் ஒரே மாதிரி, ஏறத்தாழ ஒரே வேகம். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஒன்றும் 1,520 சுற்றில் இன்னொன்றும் ஓடினால், அந்தச் சின்ன வித்தியாசம் ஊம்... ஊம்... என்ற அலையாகக் காதில் கேட்கும். தம்பூராவில் பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் சுருதி சேராதபோது எழும் அதே அலை. அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். வேகங்களைத் தெளிவாக விலக்கி வைத்தால், பத்து சதவீதம் வித்தியாசம் இருந்தால், அந்த அலை மறைந்துவிடுகிறது. பெரியவர் ஒரு ஃபேனின் ஒயரில் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து அதைச் செய்தார்.

2007-இல் மதர்போர்டையும் சில்லையும் மாற்றினேன். முந்தைய ஆண்டு ஜூலையில் இன்டெல் கொண்டுவந்த கோர் 2 டுவோ, 65 வாட் வரம்பில் பென்டியம் 4-ஐவிட வெகுவாக அதிக வேலை செய்தது. கேபினெட்டும் புதிது, 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் வைக்க இடம் உள்ளது. 80-க்கும் 120-க்கும் அகலத்தில் ஒன்றரை மடங்குதான் வித்தியாசம், பரப்பில் இரண்டேகால் மடங்கு. அதே காற்றைப் பெரிய ஃபேன் பாதிக்கும் குறைந்த வேகத்தில் தள்ளிவிடும். ரீங்காரம் போய் மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

வேகத்தைக் கட்டுப்படுத்த அப்போது எல்லாரும் போட்டது ஸ்பீட்ஃபேன். இத்தாலியரான அல்ஃபிரெடோ மிலானி கம்பரெட்டி எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருள். மதர்போர்டில் இருக்கும் கண்காணிப்புச் சில்லோடு பேசி வெப்பத்தையும் வேகத்தையும் எண்ணாகக் காட்டும். போர்டு இடம் கொடுத்தால் வேகத்தை மாற்றவும் செய்யும். முதல் தடவை திறந்தபோது வெப்பங்களில் ஒன்று 127 டிகிரி என்று காட்டி, பக்கத்தில் தீ எரியும் படமும் போட்டிருந்தது. எதுவும் இணைக்காத சென்சார் முனை அப்படித்தான் அர்த்தமில்லாத எண்ணைக் காட்டும். எந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதை நம்பி ஃபேனை ஓட்ட வேண்டும் என்பது அந்த மென்பொருள் கற்றுக்கொடுத்த முதல் பாடம். நான் கேபினெட் ஃபேன்களைப் போர்டின் வெப்பத்தோடு கட்டினேன். அது மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். ஃபேனும் அப்படியே.

சில வருடம் கழித்து அந்தக் கம்ப்யூட்டர் பழையதானபோது அதைத் தூக்கி எறியாமல், பக்கம் கட்டிய புத்தகங்களையெல்லாம் சேமித்து வைக்கும் பெட்டியாக்கி லினக்ஸ் போட்டேன். இரவும் பகலும் ஓடும் பெட்டி என்பதால் இன்னும் அடக்கமாக இருக்க வேண்டும். லினக்ஸில் எல்எம் சென்சார்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அதில் வரும் பிடபிள்யூஎம்கான்ஃபிக் என்ற கருவி ஒவ்வொரு ஃபேனாக நிறுத்திப் பார்த்து, எந்தக் கட்டளைக்கு எந்த ஃபேன் அடங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும். வேகம் அங்கே 0 முதல் 255 வரையான எண். பெட்டியைத் திறந்து வைத்து எந்த ஃபேன் நிற்கிறது, எந்த எண்ணில் மறுபடி கிளம்புகிறது, எந்த எண்ணுக்குக் கீழே நின்றுபோகிறது என்று கண்ணால் பார்த்துக் குறித்தேன். கிளம்பும் அளவும் நிற்கும் அளவும் அதன் கோப்பில் தனித்தனி வரியாகவே இருந்தன. பெரியவர் 5 வோல்ட்டை வைத்துச் சொன்னதும் இதுவும் ஒன்றுதான். அவருக்கு அதைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்குள் அவர் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போயிருந்தார்.

இப்போது என் மேஜையில் இருப்பது ஏஎம்டியின் ரைசன் சில்லு போட்ட கம்ப்யூட்டர். இன்றைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் தனி மென்பொருள் தேவையில்லை; போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள்ளேயே ஒவ்வொரு ஃபேனுக்கும் ஒரு கோடு வரையலாம். இத்தனை டிகிரிக்கு இத்தனை சதவீதம் என்று புள்ளிகளை வைத்தால் மிச்சத்தைப் போர்டு பார்த்துக்கொள்ளும். ஆனால் கடையிலிருந்து வரும்போது கேபினெட் ஃபேன்களும் பெரும்பாலும் சில்லின் வெப்பத்தையே பார்த்து ஓடும்படி அமைந்திருக்கும். புதுச் சில்லுகள் ஒரு இணையப் பக்கம் திறந்தாலே நொடியில் 10, 15 டிகிரி எகிறி இறங்குபவை. அதைப் பார்த்து ஓடினால் ஃபேன் நாள் முழுக்க ஏறி ஏறி இறங்கும். ரைசனின் முதல் தலைமுறையில் 1700எக்ஸ், 1800எக்ஸ் சில்லுகள் உண்மைச் சூட்டைவிட 20 டிகிரி கூட்டியே காட்டின; எல்லாச் சில்லுகளிலும் ஃபேன்கள் ஒரே ஒழுங்கில் ஓட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பதாக ஏஎம்டி 2017-இல் விளக்கம் கொடுத்தது. காட்டும் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சில்லின் ஃபேனுக்கு என் கோடு எளிமையானது. 50 டிகிரி வரை படுகிடையாக ஒரே வேகம், முழு வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. அங்கிருந்து 70 வரை மெல்லிய ஏற்றம். அதற்குமேல் செங்குத்து, அந்தச் சூட்டில் அமைதியைவிடச் சில்லின் உயிர் முக்கியம். வேகம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தாமதம் வைக்க பயாஸில் இடம் இருக்கும். அதை அனுமதிக்கும் அளவுக்கு நீட்டி வைத்திருக்கிறேன். ஏறிய வேகம் இறங்க, சூடு சில டிகிரி கூடுதலாகக் குறையும்வரை காத்திருக்கும்படி ஹிஸ்டெரிசிஸ் என்ற அமைப்பும் உண்டு. இல்லாவிட்டால் சூடு எல்லைக்கோட்டில் நின்று ஊசலாடும்போது ஃபேனும் கூடவே ஊசலாடும். வீடியோ எடிட்டிங் செய்யும் என் அக்கா மகனின் பெட்டியில் வேறு சிக்கல். அவனுக்குச் சூடு கிராபிக்ஸ் கார்டிலிருந்து வருகிறது. மதர்போர்டின் பயாஸுக்கு அது தெரியவே தெரியாது. அவனுக்கு ஃபேன்கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சில்லு, கார்டு இரண்டில் எது அதிகமோ அதைப் பார்த்து ஓடும்படி வைத்துக் கொடுத்தேன்.

இத்தனையையும் கெடுக்கத் தூசி ஒன்றே போதும். மெரினாவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தெருவில் தூசியோடு உப்புக் காற்றும் சேரும். ஈரம் பட்ட தூசி அலுமினியப் பட்டைகளுக்கு நடுவே கம்பளம்போல் படியும். அப்புறம் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று நுழையாது. பொங்கலுக்கு வீடு கழுவும்போது ஒரு தடவை, அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு தடவை பெட்டியைத் திறந்து புளோயர் அடிக்கிறேன். அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். புளோயர் காற்றில் ஃபேன் தன் வரம்புக்கு மேல் சுற்றினால் பேரிங் கெடும், ஜெனரேட்டர்போல் எதிர்மின்சாரத்தையும் போர்டுக்குள் அனுப்பலாம்.

அம்மா ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது இருக்கும் வீட்டில் அவளுக்குத் தனி அறை இருக்கிறது, ஆனால் பழக்கத்தில் கூடத்தில்தான் படுக்கிறாள். டிசம்பர் இரவுகளில் நான் பக்கம் கட்டிக்கொண்டிருக்க, அவள் தூங்குகிறாள்.

வீட்டில் மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் படிக்கும் பிள்ளையும் தூங்கும் பெரியவரும் நோயாளியும் பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். பெட்டியின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய விதி என்று நினைக்காதீர்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் மாற்றிவிடலாம். முதலில் தூசியைத் தட்டுங்கள். முன்பக்கத்தில் காற்று நுழைய வழி இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி முகப்பு போட்டு மூடிய அழகான கேபினெட்டுகளில் பல மூச்சு முட்டுபவை. பிறகு பயாஸுக்குள் போய் ஒவ்வொரு ஃபேனும் மூன்று ஒயரா நாலு ஒயரா என்று பார்த்து, மூன்று என்றால் டிசி (வோல்ட்டேஜைக் குறைக்கும் முறை) என்றும் நாலு என்றால் பிடபிள்யூஎம் என்றும் வையுங்கள். மூன்று ஒயர் ஃபேனைப் பிடபிள்யூஎம்மில் விட்டால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். நான் திறந்து பார்த்த இரைச்சல் பெட்டிகள் பலவற்றில் கோளாறு இது ஒன்றுதான். ஒரே முனையில் இரண்டு ஃபேன்களைப் பிரித்து மாட்டினால், பெரும்பாலான போர்டுகளில் முனைக்கு 1 ஆம்பியர்தான் வரம்பு என்பதை நினைவில் வையுங்கள். கேபினெட் ஃபேன்களைப் போர்டின் வெப்பத்தோடு கட்டுங்கள், தாமதத்தை நீட்டுங்கள், வேகத்தைப் படுகிடையாக வையுங்கள். அதன்பின் ஒரு மணி நேரம் வழக்கமான வேலையைக் கொடுத்துச் சூட்டைக் கவனியுங்கள். இன்றைய சில்லுகள் பல 90 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. 65, 70 டிகிரியில் வேலை செய்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கத்துக்கு அந்த அளவு இடம் கொடுக்கலாம்.